துக்கத்தை உண்பதும் காய்ச்சல் காய்வதும்

என் வேலை வாக்கியங்களைக் குட்டையாக்குவது. மருத்துவமனைகளில் நோயாளியின் நாளத்தில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகளை எங்கள் நிறுவனம் செய்கிறது. அவற்றின் கையேடுகளை நான் எழுதுகிறேன். மின்னணுவியல் படித்துவிட்டு ஏன் எழுத்து வேலைக்கு வந்தாய் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பம்பைப் பிழையாகப் பூட்டுகிறவர் அநேகமாகக் கையேட்டைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் என்பேன். அதற்கு மேல் அவர்கள் கேட்பதில்லை.

விதிகள் நான்கு. ஒரு வாக்கியத்தில் ஒரு செயல். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். ஒரு பொருளுக்கு ஒரு சொல். செயல் நடக்கும் வரிசையிலேயே வாக்கியமும் நடக்க வேண்டும். இவற்றை ஒரு தாளில் அச்சிட்டு என் திரைக்கு மேலே ஒட்டியிருந்தேன். நல்ல விதிகள். இன்றைக்கும் அவற்றைத்தான் பின்பற்றுகிறேன்.

2016ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் எனக்கு எதிலும் இருப்புக்கொள்ளாமல் போனது. காரணம் தெரியவில்லை. காலையில் ஊஸ்டரில் ரயில் ஏறி சூரிச்சில் இறங்குவேன். இறங்கிய பிறகு, வழியில் மூடுபனியா வெயிலா என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்திருப்பேன். மருந்து தேடும் பழக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன்: நீச்சல், ஒரு நிலையம் முன்பே இறங்கி நடப்பது, மேசையை யன்னல் பக்கம் மாற்றுவது, காலைக் கோப்பியை நிறுத்துவது. நான்கையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் கோடு போட்டேன். பட்டியல் முடிந்தது, கால்கள் மட்டும் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தன.

பக்கத்து மேசையில் என் வயதுடைய ஓர் ஈரானியப் பெண் இருந்தாள். பம்பின் மின்சுற்றுகளை வடிவமைப்பவள். ஷிராஸிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். மதியச் சாப்பாட்டின்போது நான்காக மடித்த ஒரு தாளைப் பைக்குள்ளிருந்து எடுத்து வாசிப்பாள். பழைய கவிதை, ஒரு நாளைக்கு ஓர் இரட்டையடி, கோப்பிக்கு முன்னால். மற்றவர்கள் கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்ப்பாள். ஒருநாள், வேறு செய்ய ஒன்றும் இல்லாததால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது ஜெர்மனில். அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஜெர்மன் சொல் தந்தாள். நான் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இலக்கமிட்டு, எது முதலில் வரவேண்டும் என்று அம்புக்குறி போட்டு, இரண்டு குட்டை வாக்கியங்களாக்கி அவளிடம் நீட்டினேன்.

அவள் அதை வாசித்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினாள்.

"நன்றாகக் கிருமிநீக்கம் செய்திருக்கிறாய்," என்றாள். "இனி இதனால் யாருக்கும் ஒன்றும் தொற்றாது."

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நாளும் கேட்டேன்.

அப்படித்தான் அது தொடங்கியது. எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன், அகராதி வாங்கினேன், எழுதிவைக்க ஒரு கொப்பி போட்டேன். எனக்கு முதலில் பிடிபட்டது வினைச்சொல்லின் இடம். பாரசீகமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. ஜெர்மனில் வினை இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முன்னுக்குத் தூக்கிப்போட்டால் வாக்கியம் கேள்வியாகவோ கட்டளையாகவோ மாறிவிடும். அந்தக் கவிதைகளில் வினை பல இடங்களில் முன்னுக்குப் பாய்ந்திருந்தது. அவள் அதை ஜெர்மனில் விளக்கத் தடுமாறியபோது என் காது தமிழில் கேட்டுவிட்டது. மழை வந்தது என்பது செய்தி. வந்தது மழை என்றால் யாரோ நனைந்துகொண்டு உள்ளே ஓடி வருகிறார். சொற்கள் இரண்டும் அவைதான். இடம் மாறியதும் எனக்குத் தண்ணீர் தெறித்தது.

அடுத்தது உண்ணுதல். பாரசீகத்தில் ஒருவர் கவலைப்படுவதில்லை, கவலையை உண்கிறார். தடுக்கி விழுந்தால் நிலத்தை உண்கிறார். சத்தியத்தையும் உண்கிறார். எங்கள் வீட்டுத் தமிழில் கவலைதான் ஆளைத் தின்னும், அங்கே ஆள் கவலையைத் தின்கிறார் என்று சொல்லிச் சிரித்தேன். அவளுக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அவர்கள் ஊரில் யாரும் அந்தச் சொல்லில் சாப்பாட்டை நினைப்பதில்லையாம். அவளுடைய அம்மா தொலைபேசியில் கவலைப்படாதே என்று சொல்லும்போது அவளுக்குத் தட்டமும் கரண்டியும் தெரிவதில்லையாம். அந்தச் சொற்சேர்க்கை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. அவள் சொன்னாள், அதைக் கவிஞர் என்ன செய்கிறார் என்று பார். நான் பார்த்தேன். அந்தப் பழங்காலத்து மனிதர் வரியின் முன்பாதியில் ஒரு வெறும் சாப்பாட்டு விரிப்பை விரித்து வைத்திருந்தார். விருந்தாளி வராத விரிப்பு. அதற்குப் பிறகு துக்கம் என்ற சொல். அதற்குப் பிறகு வேறு ஏதேதோ. உண்ணும் வினையை மட்டும் கடைசிவரை பிடித்துவைத்திருந்தார். அது வந்து விழுந்தபோது ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து எதையோ மென்று விழுங்குவது தெரிந்தது. தொலைபேசியில் தினமும் சொல்லும் அதே இரண்டு சொற்கள்தான்.

பிறகு, ஒவ்வொரு இரட்டையடியும் ஒரே சொல்லில் முடியும் கவிதைகள். அந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் வேறு வேலை செய்யும். என் இரண்டாவது விதிக்கு அங்கே இடமில்லை. அன்று மாலை ரயிலில் தமிழில் ஒரு சொல்லை எடுத்து முயன்று பார்த்தேன். மழை விட்டது. காய்ச்சல் விட்டது. பள்ளிக்கூடம் விட்டது. அவன் மூச்சு விட்டான். அவள் கையை விட்டாள். கொப்பியில் இப்படி எழுதிக்கொண்டே போய் நிமிர்ந்தபோது ஊஸ்டர் கடந்துபோயிருந்தது. வெட்சிகோனில் இறங்கி, எதிர்ப்பக்க மேடையில் நின்று, இருபது வருடங்களாக எனக்குத் தெரிந்த அந்தத் தொழிற்சாலைக் கூரைகளைப் பார்த்தேன். அவற்றின் மேல் வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்தேன் என்பதைக் கவனித்தேன்.

என் கொப்பியை அம்மா கண்டது மார்கழியில். பாரசீகத்தில் அவன், அவள் என்ற பிரிவு இல்லை, இரண்டுக்கும் ஒரே சொல். நான் புத்தகத் தமிழை நம்பி அதை அவர் என்று எழுதியிருந்தேன். புத்தகத்தில் அவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டுக் காதுக்கு அப்படியில்லை. பெண்ணை மரியாதையாகச் சொல்ல யாழ்ப்பாணத்துக்காரர் அவா என்பார்கள். அவர் என்றால் ஆண். கலியாணம் முடித்த பெண் அவர் என்றால் புருசன். அம்மாவின் கண்ணில், மகளின் கொப்பியில் பக்கத்துக்குப் பக்கம் ஓர் அவர் இருந்தார். அவர் வரவில்லை, அவர் வாசலைக் கடந்தார், அவர் நடந்தபோது சைப்ரஸ் மரம் நடந்தது.

"ஆர் பிள்ளை இந்த அவர்?" அம்மா குசினியில் சமைத்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

அது ஒருவரும் இல்லை, பாரசீகப் பாட்டு, அதில் வருகிறவர் ஆணும் இல்லைப் பெண்ணும் இல்லை என்றேன்.

"அப்ப அது எண்டு எழுதன்."

"அது எண்டா மாடெல்லோ," என்றார் அப்பா, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா என்னை நம்பவில்லை. இரண்டு வாரங்களுக்கு என் கைத்தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்.

இனி அம்மாவைப் பற்றி. அவர் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். எங்கள் வீட்டில் சுவிஸின் சிவப்புப் பாஸ்போட் இல்லாத ஒரே ஆள் அவர். நானும் அப்பாவும் குடியுரிமைக்கு விண்ணப்பித்த காலத்தில் ஜெர்மன் பேச்சுத் தேர்வுக்குப் பயந்து அம்மா தன் பெயரை எடுத்துவிட்டார். பிறகு பார்ப்போம் என்றார். பிறகு 2009 வந்தது. அம்மாவின் தமக்கை முகாமிலிருந்து வெளியே வந்து, பல நாடுகளைச் சுற்றி, மகனிடம் டொரொண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இலங்கைப் பாஸ்போட்டுடன் அம்மா கனடா விசாவுக்கு இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்று பதில் வந்தது. சிவப்புப் பாஸ்போட் இருந்தால் விசா வேண்டாம். அதற்கு விண்ணப்பிக்க முதலில் பேச்சுத் தேர்வின் சான்றிதழ் வேண்டும். அம்மாவின் தமக்கைக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா ஏப்ரல் மாதத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நான்தான் படிப்பித்தேன். கணினியில் ஓர் அட்டவணை போட்டேன், மூன்று நிரல்கள். முதலாவதில் அம்மா சொன்னது. இரண்டாவதில் சரியான ஜெர்மன். மூன்றாவதில் விதி. சின்ன வயதில் அலுவலகங்களுக்கு அம்மாவோடு மொழிபெயர்க்கப் போன காலத்திலிருந்தே என் தலைக்குள் இருந்த அட்டவணைதான், இப்போது கோடு போட்டிருந்தேன்.

அம்மாவின் ஜெர்மன் முழுக்கச் சலவைக்கூடத்து ஜெர்மன். இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் அறிவுறுத்தல்களிலும் மேற்பார்வையாளரின் கட்டளைகளிலும் இருந்து பொறுக்கிய சொற்களை அவர் யாழ்ப்பாணத்து வாக்கியங்களுக்குள் வைத்தார். மழை விட்டிட்டுது என்பதற்கு, பொத்தானைப் பிடித்த கையை விடு என்று இயந்திரத்தில் எழுதியிருக்கும் வினையைப் போட்டார். மழை தன் பிடியை விட்டுவிட்டது. தலையிடி என்பதற்கு வானிலை அறிக்கையில் கேட்ட இடியைக் கொண்டுவந்தார். என் தலை முழங்குகிறது. வெயில் எறிக்குது என்பதற்கு மூட்டையை எறியும் வினை. காய்ச்சல் காயுது என்பது எங்களுக்குச் சாதாரணப் பேச்சு, உடம்பு நெருப்பாகக் கிடக்கிறது என்று பொருள். அம்மாவுக்குத் தெரிந்த காய்தல் ஒன்றுதான், துணி காய்கிற காய்தல். ஆகவே பிள்ளையின் காய்ச்சல் உலர்ந்தது.

தை மாதம் வரை இரண்டாவது நிரலை ஒழுங்காக நிரப்பினேன். அதற்குப் பிறகு முதலாவது நிரலைப் பார்க்கத் தொடங்கினேன். மதியத்தில் கவிதை வாசித்த கண்ணோடு சனிக்கிழமை அம்மாவைக் கேட்டால், ஒவ்வொரு வாக்கியமும் யாரோ நனைந்துகொண்டு உள்ளே ஓடி வருவதுபோல இருந்தது. மழை விட்டது என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். மழைக்குக் கை இருப்பதை அம்மாவின் பிழையான ஜெர்மன்தான் எனக்குக் காட்டியது. அடுத்த வேலைநாள் அந்த வாக்கியத்தை என் ஈரானியத் தோழியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். தன் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அட்டவணையில் நான்காவது நிரல் ஒன்றைச் சேர்த்தேன். தலைப்புக்கு "அ" என்று ஓர் எழுத்து மட்டும் போட்டேன். அழகு என்று முழுதாக எழுத வெட்கம். எனக்குப் பிடித்த வாக்கியங்களுக்கு நேரே அதில் ஒரு சரி அடையாளம் வைத்தேன். சில வாரங்களில் இரண்டாவது நிரலை வெறுமையாக விட்டேன். திருத்தினால் அந்த வாக்கியம் போய்விடும் என்று தோன்றியது. இதைப் பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். பங்குனி நடுவில், ரயிலில் வைத்துப் படிக்க வேண்டும் என்று அம்மா கேட்டபோது, அட்டவணையை அப்படியே அச்சிட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் தேர்வில் அம்மா தவறிவிட்டார். கடிதத்தை நான்தான் வாசித்தேன், வாசித்து முடிக்காமலே விடயத்தைச் சொன்னேன். கொஞ்சப் புள்ளிகளால் போனது. தேர்வாளர் குறிப்பில், சொல்லவந்தது பல இடங்களில் விளங்கவில்லை என்று இருந்தது.

அம்மா அழவில்லை. தேநீர் போட்டார். எங்கே பிசகியது என்று கேட்டேன். மேசையில் உட்கார்ந்து வரிசையாகச் சொன்னார். படத்தை விவரித்தது பரவாயில்லை. பிறகு ஒரு நடிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல், தாய் வேலைத்தலத்துக்குத் தொலைபேசி எடுத்து இன்றைக்கு வர முடியாது என்று சொல்ல வேண்டும். தேர்வாளர்தான் முதலாளி. அம்மா வணக்கம் சொல்லி, பிள்ளையின் காய்ச்சல் நேற்றிலிருந்து உலர்கிறது என்று சொன்னார். காய்ச்சல் போய்விட்டது என்று தேர்வாளருக்கு விளங்கியது. அப்படியானால் சந்தோசம், இன்றைக்கு வேலைக்கு வரலாம்தானே என்று கேட்டார். அம்மா திகைத்துப்போனார். உலர்கிறது, நன்றாக உலர்கிறது என்று இன்னும் அழுத்திச் சொன்னார். முதலாளி விடவில்லை. முதலாளிக்கு இல்லை என்று சொல்லி அம்மாவுக்குப் பழக்கம் இல்லை. கடைசியில் சரி, வாறன் என்று சொல்லிவிட்டார்.

"காய்ச்சல் பிள்ளையை விட்டிட்டுத் துணி துவைக்கப் போன ஆள் நீதானப்பா," என்றார் அப்பா. சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"நான் சரியாத்தான் சொன்னனான்," என்றார் அம்மா என்னைப் பார்த்து. "நீ சரி போட்டிருந்தாய்."

கைப்பையைத் திறந்து அந்த அச்சுத்தாளை எடுத்தார். மடிப்புகள் நைந்துபோயிருந்தன. காய்ச்சல் உலர்கிறது. இரண்டாவது நிரலில் ஒன்றுமில்லை. நான்காவதில் சரி. அதைப்போலப் பதினொன்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் அம்மா பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"இதையெல்லாம் பாடமாக்கினனான்," என்றார். "மற்றதுகள்தான் பிழை, இதுகள் சரி எண்டு."

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. அ என்றால் என்ன, அந்தச் சரி எதற்கு என்று சொன்னேன். தலை முழங்குவதைப் பற்றி, மழையின் கையைப் பற்றி, மதியத்தில் வாசிக்கும் கவிதைகளில் தேய்ந்த சொல்லை இடம் மாற்றி வைத்துத் திரும்பப் பார்க்க வைப்பதைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"என்ர தலை இடிக்கேக்க எனக்கு இடி ஒண்டும் கேக்கிறேல்லை, பிள்ளை. நோகுது. அவ்வளவுதான். உனக்குத்தான் இடி கேக்குது."

அம்மா அச்சுத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பாட்டெழுதினவருக்குச் சரியாக் கதைக்கத் தெரியுமோ?"

"தெரியும்."

"அவர் தெரிஞ்சுகொண்டு மாத்தி வச்சவர். நான் தெரியாமல் சொல்லுறன். ரெண்டும் உனக்கு ஒண்டோ?"

அம்மா எழுந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்தார். "அக்கா அங்க மெசினில கிடக்கிறா. நீ இஞ்ச இருந்து என்ர பிழைக்குச் சரி போட்டிருக்கிறாய்." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்ப்பவர் சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அலுவலகத்தில் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். மதியச் சாப்பாட்டில் தோழியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். பிறகு, தான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த கதையைச் சொன்னாள். அவசரத்தில் பாரசீகத்தை அப்படியே ஜெர்மனாக்கி, நிலத்தை உண்டுவிட்டேன் என்று சொன்னாளாம். மருத்துவர் அவளுடைய வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பல்லைப் பார்த்தாராம். கை தொங்கிக்கொண்டிருந்ததாம். உண்ணும் வினையைப் பற்றி எத்தனை மதியங்கள் பேசியிருப்போம், இந்தக் கதையை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது கவிதை இல்லை," என்றாள். "அது வலித்தது."

தன் தாள்களின் ஓரங்களில் எழுதியிருந்த அம்மாவின் வாக்கியங்களை அவள் அன்றைக்கே அழித்தாள். நான் கேட்கவில்லை.

அடுத்த தேர்வு செப்டம்பரில். அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்: அழகு வேண்டாம். இங்கத்தை ஆக்கள் எப்படிச் சொல்லுவினமோ அப்படி. புதிய தாள்களில் இரண்டே நிரல்கள் போட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற என் விதியை முதன்முதலாக வீட்டுக்குள் கொண்டுவந்தேன். காய்ச்சல் உயர்ந்திருக்கிறது. தலை வலிக்கிறது. மழை நின்றுவிட்டது. அம்மா வேலைக்குப் போகும் வழியில் அவற்றை முணுமுணுத்தபடியே போனார். தட்டையான வாக்கியங்கள். அவை அம்மாவின் வாய்க்குள் மெதுவாகப் பொருந்துவதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருத்தத்தை யாரிடமும் சொல்லவில்லை.

இலக்கணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது இல்லை என்று சொல்வது. அப்பா முதலாளியாக நடிப்பார். படுக்கையறையில் இருந்து குசினிக்குத் தொலைபேசி எடுத்து, உணவகச் சமையலறையில் பழகிய தன் ஜெர்மனில் மிரட்டுவார். இன்றைக்கு ஆள் இல்லை, கட்டாயம் வா என்பார். அம்மா மூன்று தடவை தோற்றார். நான்காவது தடவை, முடியாது, என் பிள்ளைக்குச் சுகமில்லை, நான் வரமாட்டேன் என்று பிழையில்லாமல் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அப்பா படுக்கையறையிலிருந்து வெளியே வந்து, "எனக்கே பயமாப் போச்சு," என்றார். அதற்கடுத்த வாரம் அம்மா வேலைத்தலத்திலும் ஒரு மேலதிக ஞாயிறு வேலைமுறையை மறுத்துவிட்டு வந்தார். அதை எங்களுக்குச் சொன்னபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் இரண்டு தடவை சொன்னார்.

நான் கவிதையை நிறுத்தியிருந்தேன். ஆடி மாதம் அந்த இருப்புக்கொள்ளாமை திரும்ப வந்தது. மறுபடி தோழியின் மேசைக்குப் போனேன். ஆனால் வாசிக்கும் முறை மாறிவிட்டது. ஓர் இரட்டையடியை எடுத்தால் முதலில் அதன் நேரான வாக்கியத்தை எழுதுவேன், கடையில் ஒருவர் சொல்வதுபோல, தொலைபேசியில் ஓர் அம்மா சொல்வதுபோல. முன்பு அதைத்தான் கவிதை என்று நினைத்து அவளிடம் நீட்டினேன். பிறகு வெறும் அம்புக்குறிகளை விட்டுவிட்டு விசித்திரத்தை மட்டும் பார்த்தேன். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த மனிதர் நேர்வழியிலிருந்து எந்தச் சொல்லில் காலை எடுத்து வெளியே வைத்தார் என்று தேடினேன். அநேகமாக ஒரே ஓர் அடிதான் இருக்கும். வினை ஓரிடம் தள்ளியிருக்கும், அல்லது செய்பவர் இருக்க வேண்டிய இடத்தில் செய்யப்பட்ட பொருள் இருக்கும். அந்த ஓரடி தூரத்தில்தான் வெளிச்சம் விழுந்தது. நேர்வழியை நன்றாகத் தெரிந்தவரால்தான் அந்த ஓரடியை எடுத்து வைக்க முடியும். வழியே இல்லாத இடத்தில் நிற்பவர் எங்கே கால் வைத்தாலும் அது வேறு விடயம். அம்மா இதைத் தேநீர் மேசையில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு நான்கு மாதம் எடுத்தது.

செப்டம்பரில் அரை நாள் விடுமுறை எடுத்து அம்மாவோடு சூரிச்சுக்குப் போனேன். உள்ளே வர வேண்டாம் என்றார். லாங்ஸ்ட்ராஸ என்ற தெருப்பக்கம் நடந்தேன், தமிழ்க் கடைக்குள் போய் ஒன்றும் வாங்காமல் வந்தேன், ஒரு ட்ராமில் ஏறி இரண்டாவது தரிப்பிடத்தில் இறங்கித் திரும்ப நடந்தேன். அம்மா வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எப்படி என்று கேட்டேன்.

"பசிக்குது," என்றார். அதற்கு மேல் வீடு போகும்வரை தேர்வைப் பற்றிக் கதைக்கவில்லை.

கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. நான் வீட்டிலிருந்து வேலை செய்த நாள். உறையை நான் கையில் எடுக்க, அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கத்தியால் ஒழுங்காகக் கீறித் திறந்து, கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே முதல் சொல்லிலிருந்து உரத்து வாசித்தார். ஒவ்வொரு சொல்லாக, முகவரி உட்பட. நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"பெஷ்டாண்டன்," என்றார். "பிள்ளை, இதுக்குள்ள நிண்டது எண்டு இருக்கோ?"

"அம்மா, அது பாஸ். பாஸ் எண்டு போட்டிருக்கினம்."

"அது விளங்குது எனக்கு. சொல்லுக்குள்ள நிக்கிறது இருக்கோ எண்டு கேட்டனான்."

நான் அந்த மொழியில்தான் பள்ளிக்கூடம் போனவள். எத்தனை தேர்வுகளில் அந்தச் சொல்லை எனக்கு எழுதியிருப்பார்கள். ஒருமுறைகூட அதற்குள் யாரும் நின்றதை நான் கண்டதில்லை.

"இருக்குது," என்றேன். "நிக்கிறதுதான். கடைசிவரை நிண்டு பிடிக்கிறது."

"ம்," என்றார் அம்மா. "பேந்தென்ன." கடிதத்தின் மிச்சத்தையும் விடாமல் வாசித்து முடித்தார். பிறகு அடியில் இருந்த தொலைபேசி இலக்கத்தைப் பார்த்து, நகரசபைக்கு எப்போது குடியுரிமை விண்ணப்பம் கொடுக்கலாம் என்று இப்போதே கேட்க வேண்டும் என்றார். நான் பழக்கத்தில் தொலைபேசியை எடுத்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த அழைப்புகளை எடுத்தது நான்தான்.

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கினார். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் வெளியே நின்றேன். சொற்கள் கேட்கவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் கேட்டது. அம்மா ஏதோ சொன்னார், காத்திருந்தார், திரும்பச் சொன்னார். எந்த வினையை எங்கே வைக்கிறார் என்று கேட்கக் கதவுக்குப் பக்கத்தில் போக வேண்டும். நான் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து ஆள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அம்மா சிரித்தார்.